தலைநகரைப் பார்க்கப் போகிறீர்களா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். "பிள்ளைகளை ஒரு தடவை கோலாலம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட வேண்டும்." கெடாவிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் வேன் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பேருந்து பிடிக்கின்றன. காலையில் இரட்டைக் கோபுரம், அங்கிருந்து சுதந்திரச் சதுக்கம், பிறகு தேசிய நினைவுச் சின்னம், நடுவில் ஒரு பொட்டலச் சோறு, பின்னர் அரும்பொருளகம், அரண்மனை வாசல், பத்துமலை. இறங்கு, படம் பிடி, ஏறு. இரவு பன்னிரண்டு மணிக்கு வீடு. பிள்ளைகள் என்ன பார்த்தார்கள் என்று மறுநாள் கேட்டால், பேருந்தில் யார் வாந்தி எடுத்தார்கள் என்பதுதான் நினைவில் இருக்கிறது!

குறை சொல்லவில்லை. நானும் அப்படி ஏற்பாடு செய்தவன்தான்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தபோது, நாற்பது மாணவர்களைத் தலைநகருக்கு அழைத்துச் சென்றேன். சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் எதிரில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, பால்வெட்டுத் தொழிலாளியின் மகள், அந்த மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தபடியே கேட்டாள்: "ஐயா, இதெல்லாம் நம்ம ஆளுங்க கட்டுனதா?"

நான் சற்றும் யோசிக்கவில்லை. "ஆமாம்மா, எல்லாமே நம்ம ஆளுங்க இரத்தமும் வேர்வையும் சிந்திக் கட்டினதுதான்" என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த மாணவி தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

அவள் எழுதுவதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. நான் சொன்னது உண்மையா? எனக்குத் தெரியாது. மேடைகளில் கேட்டதைத் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான். ஒரு குழந்தை நம்பிக் கேட்ட கேள்விக்குத் தெரியாத பதிலைத் தெரிந்ததைப் போல் சொல்லிவிட்டேன். அதன் பிறகு கிடைத்த நூல்களைத் தேடிப் படித்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். தலைநகரைச் சுற்றிப் பார்க்கத் திட்டமிடுகிறவர்களுக்கு இதுவே ஒரு வழிகாட்டியாகவும் அமையட்டும்.

சேற்றிலிருந்து தொடங்குங்கள்

இரட்டைக் கோபுரத்தில் தொடங்காதீர்கள். அது கடைசி அத்தியாயம். 1999 ஆம் ஆண்டு அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்ட கோபுரம்; அதற்கு முன்னர் அந்த இடத்தில் குதிரைப் பந்தயத் திடல்தான் இருந்தது. கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து யாராவது படிப்பார்களா?

மஸ்ஜிட் ஜாமேக் எல்.ஆர்.டி. நிலையத்தில் காலையிலேயே இறங்குங்கள். வெயில் ஏறுவதற்குள் ஆற்றோரமாக நடந்து போனால், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுகிற முனையைப் பார்க்கலாம். இந்த நகரத்தின் பிறப்பிடம் அதுதான். கோலாலம்பூர் என்றாலே சேற்றுக் கழிமுகம் என்பதுதானே பொருள்.

1857 ஆம் ஆண்டு, கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, ஈயம் தேடுவதற்காக 87 சீனத் தொழிலாளர்களை ஆற்றின் வழியாக மேலே அனுப்பினார். இந்த முனையில் இறங்கி, காட்டுக்குள் நடந்து அம்பாங் பக்கம் போனார்கள். காட்டுக் காய்ச்சல் அவர்களை வாரிக்கொண்டு போனது. உயிரோடு எஞ்சியவர்கள் 18 பேர் என்று வரலாறு கூறுகிறது. ஆனாலும் ஆள் அனுப்புவது நிற்கவில்லை, ஈயமும் கிடைத்தது. அந்த ஈயத்தைக் கொண்டு போகவும் அரிசியைக் கொண்டு வரவும் இந்த முனையில் நான்கு அத்தாப்புக் கடைகள் எழுந்தன. ஊர் உண்டாயிற்று.

பிள்ளைகளிடம் இங்கேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த நகரத்துக்காக முதலில் செத்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். தோட்டக் காட்டில் மலேரியாவுக்குப் பலியான நம் முன்னோரின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது.

அந்த முனையில் நிற்கும் பள்ளிவாசல் 1909 ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. பழைய மலாய்க்காரர்களின் அடக்க நிலம் இருந்த இடம் அது. வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக் என்ற ஆங்கிலேயர். 1965 ஆம் ஆண்டு தேசியப் பள்ளிவாசல் வரும்வரை தலைநகரின் முதன்மைப் பள்ளிவாசல் இதுதான். உள்ளே போக விரும்புகிறவர்கள் தொழுகை நேரத்தைத் தவிர்த்து, உடையிலும் கவனம் வைத்துப் போக வேண்டும்.

இப்போது ஆற்றின் இரு கரைகளையும் பாருங்கள். கிழக்குக் கரையில் கப்பித்தான் யாப் ஆ லோயின் ஊர்: சந்தை, கடைவீதி, சூதாட்டக் கொட்டகை, எல்லாம் அங்கே. மேற்குக் கரையில், மேட்டுப் பக்கமாக, வெள்ளைக்காரர்களின் அலுவலகங்களும் பங்களாக்களும் விளையாட்டுத் திடலும். சிலாங்கூரின் நிர்வாகத் தலைநகரைக் கிள்ளானிலிருந்து 1880 ஆம் ஆண்டு இங்கே மாற்றியபோது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு இந்தப் பக்கத்தை ஆள்வது அவர்களுக்கு வசதியாக இருந்தது.

1881 ஆம் ஆண்டு ஜனவரியில் நகரம் தீப்பிடித்து எரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் வந்து மிச்சத்தைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், இனிமேல் அத்தாப்பும் மரமும் கூடாது, செங்கல்லும் ஓடும்தான் என்று உத்தரவிட்டார். செங்கல் சூளைகள் பெருகின. அவற்றில் யாப் ஆ லோய் போட்ட சூளையும் உண்டு. சூளைகள் இருந்த அந்தப் பகுதிக்குத்தான் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் வந்தது. நாம் இன்று "லிட்டல் இந்தியா" என்று பெருமையோடு சொல்கிறோமே, அதே பிரிக்பீல்ட்ஸ்தான். பெயரை வாங்கித் தந்தது சீனச் சூளை.

மணிக்கூண்டின் எதிரில்

பாலத்தைக் கடந்தால் டத்தாரான் மெர்டேக்கா. எதிரே அந்தக் கட்டடம். என் மாணவி கேள்வி கேட்ட இடம்.

1894 ஆம் ஆண்டு தொடங்கி 1897 ஆம் ஆண்டு முடிக்கப்பட்டது. அன்றைக்கு அது அரசாங்கச் செயலகம். சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் என்ற பெயர் 1974 ஆம் ஆண்டுதான் வந்தது. கட்டட வரைவில் ஏ.சி. நார்மன், பிட்வெல், ஹப்பாக் ஆகிய ஆங்கிலேயர்களின் பெயர்கள் சொல்லப்படுகின்றன. இப்படித்தான் வில் வளைவும் கும்மட்டமுமாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் பொதுப்பணித்துறைப் பொறியாளர் சி.இ. ஸ்பூனர். இந்தியாவில் வெள்ளைக்காரன், முகலாயர் கட்டடங்களைப் பார்த்துத் தன் அலுவலகங்களுக்குப் போட்டுக்கொண்ட பாணி இது. தமிழ்நாட்டுக்குப் போய்வந்தவர்கள், சென்னை உயர் நீதிமன்றத்தை நினைத்துப் பாருங்கள். அது 1892. இது 1897. இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

சரி, கட்டியது யார்?

இந்த நகரத்தின் கட்டட வேலைகளில் அன்று குத்தகை எடுத்தவர்களும் கொத்தர், தச்சர்களும் பெரும்பாலும் சீனர்கள். செங்கல் அவர்களுடைய சூளைகளிலிருந்து வந்தது. வடிவம் இந்தியாவிலிருந்து வந்தது; அதைக் கொண்டுவந்தவன் ஆங்கிலேயன். இந்தச் சுவரைக் காட்டி, "நாங்கள் கட்டியது" என்று சொல்ல நமக்கு ஆதாரம் போதாது. என் மாணவிக்கு நான் சொன்னது தவறு.

அப்படியென்றால் நம்மவர்கள் எங்கே? இந்தக் கட்டடத்திற்குள் உட்கார்ந்து அவர்கள் எதை நிர்வகித்தார்கள் என்று கேளுங்கள். சாலை, இரயில், தண்ணீர், தோட்ட நிலம். அங்கேதான் நம்மவர்கள் இருந்தார்கள். காட்டை வெட்டி மண்ணைக் கொத்தியவர்கள், சரளைக் கல் உடைத்தவர்கள், தண்டவாளக் கட்டை சுமந்தவர்கள், சாக்கடை தோண்டியவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில்வேயிலும் பொதுப்பணித்துறையிலும் கூலி வேலையின் பெரும் பகுதி தென்னிந்தியத் தொழிலாளர்களின் தோளில்தான் இருந்தது. கட்டடம் என்றால் எதிரே நின்று படம் எடுக்கலாம். சாலையின் எதிரே நின்று யார் படம் எடுப்பார்கள்? அதன் மேல் ஏறித்தானே போகிறோம்.

உள்ளேயும் தமிழர்கள் இருந்தார்கள், கையில் பேனாவோடு. ஸ்பூனர் மலாயாவுக்கு வருவதற்கு முன் இலங்கையில் பணியாற்றியவர். பிறகு இரயில்வேயின் தலைமை நிர்வாகியாகவும் ஆனார். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர்கள் அந்தக் காலத்தில்தான் கிராணிகளாகவும் நிலைய அதிகாரிகளாகவும் இரயில்வேக்குள் நிறைய வந்தார்கள். வெளியே மண்வெட்டி, உள்ளே பேனா. இரண்டு கைகளும் தமிழ்க் கைகள். ஒரே மொழி பேசினார்கள். ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தப் பிளவைப் பற்றியும் நாம் அதிகம் பேசுவதில்லை.

திடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கி மலாயாக் கொடி ஏறியது இந்தத் திடலில்தான். ஆனால், துங்கு அப்துல் ரஹ்மான் பிரகடனத்தைப் படித்தது மறுநாள் காலை, மெர்டேக்கா அரங்கத்தில். நம் பிள்ளைகளில் பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பிள்ளைகளை ஏன் சொல்ல வேண்டும்? ஆசிரியர்களே குழப்பிக்கொள்கிறோம். அதனால்தான் அரங்கத்தையும் தவறாமல் உங்கள் பட்டியலில் சேருங்கள் என்கிறேன்.

கோயில் வீதி வழியாக

திடலிலிருந்து மீண்டும் ஆற்றைக் கடந்து, ஜாலான் துன் எச்.எஸ். லீக்கு வாருங்கள். பழைய பெயர் ஹை ஸ்திரீட். ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் அங்கேதான். அம்மன் முதலில் குடியேறியது இந்த வீதியில் அல்ல. 1873 ஆம் ஆண்டு, இப்போதைய பழைய இரயில் நிலையத்தின் பக்கமாக அமைந்த சிறு கோயில் அது; 1885 ஆம் ஆண்டு இங்கே இடம் மாறியது. நிறுவியவர் கா. தம்புசாமிப் பிள்ளை. நாம் இன்று காணும் கட்டடமும் இராஜகோபுரமும் பிற்காலத்தவை.

தம்புசாமிப் பிள்ளையைக் கோயில் கட்டியவராக மட்டும் நிறுத்திவிடுகிறோம். அவர் சிங்கப்பூரில் பிறந்தவர். முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் டேவிட்சனோடு சிலாங்கூருக்கு வந்தவர். லோக் இயூவோடு சேர்ந்து ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தினார். 1894 ஆம் ஆண்டு அங்கே மின்சாரத்தைக் கொண்டுவந்ததில் இருவருக்கும் பங்குண்டு. 1893 ஆம் ஆண்டு தொடங்கிய விக்டோரியா கல்விக்கூடத்தை உருவாக்கியவர்களிலும் ஒருவர். பத்துமலைக் குகைக்கு வேல் கொண்டுபோய் வைத்ததும், 1892 ஆம் ஆண்டு முதல் அங்கே தைப்பூசம் நடைபெறுவதும் அவர் காலத்தவை. 1902 இல் மறைந்தார். வெள்ளி இரதம் இந்த வீதியிலிருந்துதான் ஒவ்வொரு தைப்பூசத்திற்கும் பத்துமலைக்குப் புறப்படுகிறது. பிள்ளைகளுக்கு இரதம் தெரியும்; அவரைத் தெரியாது.

கோயிலிலிருந்து மேடு ஏறினால் மெர்டேக்கா அரங்கம். ஒரு காலத்தில் இந்த அரங்கம்தான் அந்தப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற பெரிய கட்டடம். இன்று அதன் முதுகுக்குப் பின்னால் 678.9 மீட்டர் உயரத்தில் மெர்டேக்கா 118 நிற்கிறது. 2024 ஆம் ஆண்டு அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்ட கோபுரம் அது. உலகிலேயே இரண்டாவது உயரம் என்கிறார்கள். அண்ணாந்து பார்த்துவிட்டு, கண்ணைக் கீழே இறக்குங்கள். 1957 ஆகஸ்டு 31 காலை, இந்தப் படிக்கட்டு இருக்கைகளில் இருபதாயிரம் பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். துங்கு ஏழு முறை "மெர்டேக்கா" என்று முழங்கினார். அரங்கத்தை வடிவமைத்தவர் ஸ்டேன்லி ஜூக்ஸ். 2007 ஆம் ஆண்டு சுதந்திரப் பொன்விழாவுக்காக இதனை 1957 இல் இருந்த தோற்றத்திற்கே சீரமைத்தார்கள். மறு ஆண்டு யுனெஸ்கோவின் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. உள்ளே போக முடியுமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. நிகழ்ச்சிக்கும் சீரமைப்புக்கும் அடைத்துவிடுவார்கள். சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்கும் இதே எச்சரிக்கை.

முதல் நாளுக்கு இது போதும். மேற்கொண்டு இழுத்தால் பிள்ளைகள் அழுவார்கள்.

இரயில் நிலையமும் ஒரு நினைவுச் சின்னம்தான்

இரண்டாம் நாளைப் பழைய கோலாலம்பூர் இரயில் நிலையத்தில் தொடங்குங்கள். 1910 ஆம் ஆண்டு முடிக்கப்பட்டது. இதுவும் ஹப்பாக் வரைந்ததுதான். சென்னை எழும்பூர் நிலையம் 1908. படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உறவு தெரியும். எதிரே இருக்கும் இரயில்வே தலைமையகம் 1917. கேஎல் சென்ட்ரல் 2001 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பிறகு இங்கே பரபரப்பு அடங்கிவிட்டது. ஆனாலும் கொமுட்டர் இரயில் நின்று போகிறது. அதனால் நடைமேடையில் சற்று நேரம் நிற்கலாம்.

நிற்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

1943 ஆம் ஆண்டு, ஜப்பானியர் ஆட்சியில், சயாம் இரயில் பாதை போடுவதற்காகத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்றார்கள். ஆள் போதவில்லை என்றதும் கையில் அகப்பட்டவர்களையெல்லாம் ஏற்றினார்கள். சரக்கு வண்டிப் பெட்டிகளில் அடைத்து வடக்கே அனுப்பினார்கள். கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளங்களையோ ஜப்பானியர் பெயர்த்து அந்தச் சயாம் பாதைக்கே கொண்டுபோனார்கள். அப்படியானால் ஜொகூரிலிருந்தும் நெகிரி செம்பிலானிலிருந்தும் சயாமுக்குப் போன வண்டிகள் கோலாலம்பூரைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். வேறு பாதை கிடையாது. மலாயாவிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்களில் பலர் திரும்பி வரவில்லை.

இந்தக் கும்மட்டங்களையும் வளைவுகளையும் அவர்கள் பெட்டிக்குள்ளிருந்து பார்த்திருப்பார்களோ என்னவோ. நம் குடும்பங்களில் தாத்தாவின் அண்ணன், பாட்டியின் முதல் கணவர் என்று யாராவது ஒருவர் அப்படிப் போனவராக இருப்பார். பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்லுங்கள்.

நிலையத்துக்குத் தெற்கே சற்றுத் தள்ளி தேசிய அரும்பொருளகம். அந்த இடத்தில் முன்பு சிலாங்கூர் அரும்பொருளகம் இருந்தது. 1945 மார்ச் 10 ஆம் நாள், நேச நாட்டு விமானங்கள் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே முற்றத்தைக் குறிவைத்துப் போட்ட குண்டுகளில் சில தவறி விழுந்து, அதன் ஒரு சிறகு தரைமட்டமானது. அந்த முற்றத்தைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். இன்றைய அரும்பொருளகம் 1963 ஆகஸ்டு 31 திறக்கப்பட்டது. ஹோ கோக் ஹோ வரைந்த கட்டடம். முகப்பின் இரு பக்கச் சுவர்களிலும் சியோங் லாய் தோங் அமைத்த வண்ணக்கல் ஓவியங்கள் உள்ளன. பிள்ளைகள் உள்ளே ஓடிவிடுவார்கள். வெளியே நிறுத்தி அதைக் காட்டிவிட்டுப் பிறகு விடுங்கள்.

சுதந்திரத்திற்குப் பிந்திய பத்தாண்டுகளில் எழுந்த கட்டடங்களில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 1963 இல் நாடாளுமன்றம், 1965 இல் தேசியப் பள்ளிவாசல். கும்மட்டத்துக்குப் பதிலாக விரித்த குடையைப் போல் ஒரு கூரை! வெள்ளைக்காரனின் கும்மட்டக் கட்டடங்களுக்கு மிக அருகிலேயே, இனி நாங்கள் வேறு மாதிரி கட்டுவோம் என்று சொன்ன கூரை அது. இந்த இரண்டையும் வடிவமைத்தவர்கள் பொதுப்பணித்துறைக் கலைஞர்கள்: நாடாளுமன்றத்திற்கு ஐவர் ஷிப்லி, பள்ளிவாசலுக்கு ஹோவர்ட் ஆஷ்லி, ஹிஷாம் அல்பக்ரி, பஹாருடின் காசிம். அந்த ஆண்டுகளில் பொதுப்பணி அமைச்சர் யார்? துன் வீ.தி. சம்பந்தன். 1959 முதல் 1971 வரை பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சு அவரிடம்தான் இருந்தது.

பாருங்கள், இங்கேதான் மறுபடியும் கவனம் வேண்டும். "தேசியப் பள்ளிவாசலை ஒரு தமிழர் கட்டினார்" என்று யாராவது மேடையில் கிளம்பிவிடுவார்கள். அப்படியல்ல. அமைச்சர் கட்டுவதில்லை. ஆனால் அந்தக் கோப்புகள் போய்ச் சேர்ந்த அமைச்சின் தலைமையில் ஒரு தோட்டக்காரரின் மகன், தமிழ் பேசுகிறவர், உட்கார்ந்திருந்தார். இது ஆதாரத்தோடு சொல்லக்கூடியது. இவ்வளவு சொன்னாலே பெருமைக்குப் போதும்.

நாடாளுமன்றத்தை வெளியிலிருந்து பார்க்கலாம். உள்ளே போக முன்னனுமதி பெற வேண்டும். அருகிலுள்ள தேசிய நினைவுச் சின்னத்தைத் தாராளமாகப் பார்க்கலாம். அதன் கதை சுவையானது. 1960 ஆம் ஆண்டு துங்கு அமெரிக்காவுக்குப் போனபோது, வாஷிங்டனுக்கு அருகிலுள்ள கடற்படைப் போர்வீரர் நினைவுச் சின்னத்தைப் பார்த்தார். பார்த்ததோடு நிற்கவில்லை, அதைச் செய்த சிற்பி பெலிக்ஸ் டி வெல்டனையே பிடித்து, எங்கள் நாட்டுக்கும் ஒன்று செய்து கொடுங்கள் என்று கேட்டுவிட்டார். வெண்கலச் சிலைகள் 15.54 மீட்டர் உயரத்தில் 1966 பிப்ரவரி 8 திறந்துவைக்கப்பட்டன. 1975 ஆகஸ்டில் வெடிவைத்துச் சேதப்படுத்தினார்கள். சீரமைக்கப்பட்டு மீண்டும் நின்றது. அடுத்தவர் தலைநகரைச் சுற்றிப் பார்க்கப் போன ஒருவர், தம் தலைநகருக்கு ஒரு சின்னத்தோடு திரும்பி வந்திருக்கிறார். நாம் பொம்மையும் சாவிக்கொத்தும் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம்!

பட்டியலில் இல்லாத இடம்

சுற்றுலாக் கையேடுகளில் பிரிக்பீல்ட்ஸ் என்றால் வளைவுகளும் பட்டுக்கடைகளும் வாழையிலைச் சாப்பாடும்தான். மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் ஆட்சேபம் இல்லை. சாப்பிட்ட பிறகு ஒரு சுற்று நடந்து வாருங்கள். யாழ்ப்பாணத் தமிழர்கள் 1902 ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்ரீ கந்தசுவாமி கோயில் இருக்கிறது. 1904 ஆம் ஆண்டு எழுந்த விவேகானந்தா ஆசிரமம் இருக்கிறது. 2014 ஆம் ஆண்டு அந்த ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடி கட்டும் திட்டம் வந்தபோது, பொதுமக்கள் குரல் எழுப்பியதால்தான் பழைய கட்டடம் பாரம்பரியச் சின்னம் என்ற பாதுகாப்பைப் பெற்றது.

"ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்" மட்டும் இல்லை. ஜாலான் ரொசாரியோ, ஜாலான் சான் ஆ தோங் பக்கத்தில் வரிசை வரிசையாக இருந்த அரசாங்க ஊழியர் குடியிருப்பு. இரயில்வேக்காரர்களின் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியவை. இடித்துவிட்டார்கள். அவற்றில் கும்மட்டம் இல்லை, மணிக்கூண்டு இல்லை. அஞ்சல் தலையில் போடுகிற மாதிரி எதுவும் இல்லை. ஓட்டுக் கூரை, சிறு திண்ணை, வாசலில் ஒரு முருங்கை மரம். என் மாணவி கேட்ட கேள்விக்கு நான் கைநீட்டிக் காட்டியிருக்க வேண்டிய இடங்களில் அதுவும் ஒன்று. அன்று அது நின்றுகொண்டுதான் இருந்தது. எங்கள் பேருந்து அந்த வழியாகப் போகவில்லை.

மாலையில், கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறுங்கள். பத்துமலை வரை போகும். 2010 ஆம் ஆண்டு முதல் மின்சார வண்டி ஓடுகிறது. கிளைப் பாதை அதைவிட மிகப் பழையது. காரில் போகாதீர்கள். பழைய நிலையத்தைக் கடந்து செந்தூல் வரும்போது பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள். மலாயா இரயில்வேயின் பட்டறை இருந்த ஊர். அங்கே நம்மவர்கள் கொல்லராகவும் கடைசல்காரராகவும் கொதிகலன் வேலைக்காரராகவும் இருந்தார்கள். சங்கு ஊதினால் சைக்கிள்கள் வெள்ளம்போல் வரும் என்று பழையவர்கள் சொல்வார்கள். பத்துமலையில் இறங்கினால் 272 படி. முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர், 2006 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மாணவி இப்போது பிள்ளைகளைப் பெற்ற தாயாக இருப்பார். ஒருவேளை வரும் விடுமுறைக்குத் தம் பிள்ளைகளைத் தலைநகருக்கு அழைத்துவர அவரும் திட்டமிட்டுக்கொண்டிருக்கலாம். இந்த நிகழ்ச்சியை அவர் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் வீட்டில் இருந்தால், அன்று நான் சொல்லி எழுதிய வரியை அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். "மணிக்கூண்டை நம்மவர்கள் கட்டினார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதற்குப் போகிற சாலையையும் இரயில் பாதையையும் பாருங்கள்" என்று அந்த இடத்தில் எழுதிக்கொள்ளட்டும்.